மதுரையில் ஒரு கிளாஸ் ஒயின்

பிப்ரவரி 10, 2025, திங்கள். மதுரை

லண்டன் மாமா ஊருக்கு வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் குலதெய்வம் கோயில், கண் டாக்டர், பத்திர ஆபீஸ் என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். இந்தத் தடவை அவரே பட்டியலோடு வந்துவிட்டார். அதில் ஒரே வரிதான்.

"மாப்ள, நம்ம ஊர்ல பழைய கடையா ஒண்ணு பாரு. உக்காந்து ஒரு கிளாஸ் ஒயின் சாப்பிடணும். ஒண்ணே ஒண்ணு."

மாமாவுக்கு வயது 71. சேரிங் கிராஸ் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஆபீஸில் 38 வருடம் கணக்கு எழுதினார். ஸ்டேஷனை ஒட்டி வில்லியர்ஸ் தெரு. அதில் கார்டன்ஸ் என்று ஒரு ஒயின் பார், 1890-ல் ஆரம்பித்தது. தெருவிலிருந்து குறுகலான படியில் இறங்கினால் நிலவறை. கூரை வளைவு வளைவாக வந்து தலையில் இடிக்கும், குனிந்துதான் போகணும். வெளிச்சத்துக்கு மேஜைக்கு மேஜை மெழுகுவர்த்தி. பீர் கேட்டால் கிடையாது, விஸ்கியும் கிடையாது. ஒயின், அப்புறம் பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் ஷெர்ரி, போர்ட் என்ற காட்டமான ஒயின் வகைகள், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் எழுத்தாளர் கிப்ளிங் கொஞ்ச காலம் குடியிருந்திருக்கிறார். மாமா வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே போய் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாராம். "யாரும் 'அப்புறம் என்ன சார் வேணும்'னு வந்து நிக்க மாட்டான். மெழுகு உருகுறதப் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

நான் மதுரையில் பிறந்து, 20 வருடமாகச் சென்னையில் இருப்பவன். நம் ஊரில் 'ஒயின்ஸ்' என்று சொன்னால் பிராந்திக் கடை என்று அர்த்தம், அங்கே ஒயின் தவிர எல்லாம் இருக்கும் என்று அவருக்கு விளக்கினேன். "பரவால்ல, பெரிய ஹோட்டல்ல இருக்கும்ல?" என்றார்.

இருந்தது. ஹோட்டல் பெயர் வேண்டாம். ஏசியை மார்கழி மாதிரி வைத்திருந்தார்கள். மெனு அட்டையின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு ஒயின் ஒரு கிளாஸ் 780 ரூபாய், வரி தனி. ஆர்டர் எடுத்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவன் பத்து நிமிடம் கழித்து வெறுங்கையோடு வந்தான். கார்க் திருகியைக் காணோமாம். அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். கார்க் வெளியே வரவில்லை, பாதி உதிர்ந்து பாட்டிலுக்குள்ளேயே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்து, தண்ணீர் கிளாஸில் ஊற்றி, மரியாதையாக இரண்டு ஐஸ் கட்டியும் போட்டுக் கொடுத்தான்.

நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். மூன்று நாள் ஆன நீராகாரம். மாமா முகத்தைக் கோணாமல் கிளாஸ் முழுவதையும் குடித்து முடித்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "பாட்டில நிக்க வெச்சே வெச்சிருக்கானுங்க. படுக்கப்போடணும் மாப்ள. கார்க் நனைஞ்சுகிட்டே இருந்தாத்தான் உப்பி இறுக்கமா இருக்கும். நிக்க வெச்சா காஞ்சு, காத்து உள்ள போயி, காடி ஆயிரும்."

அப்புறம் ஏன் மாமா குடிச்சீங்க?

"அந்தப் பையன் அவ்ளோ கஷ்டப்பட்டுத் திறந்தான்ல."

பிப்ரவரி 11, செவ்வாய். தெப்பக்குளம்

காலையிலேயே வெயில் சுள்ளென்று இருந்தது. 'சரி, சாதாரண பாராவது காட்டுறேன்' என்று கிளம்பி ஆட்டோ பிடித்தோம். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்குக் கடை லீவுண்ணே. தைப்பூசம். வள்ளலார் நாளு."

காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம் மாதிரி வடலூர் இராமலிங்கர் நினைவு நாளும் கடை திறக்காத நாள்களில் ஒன்று. சென்னையில் நாள்காட்டி பார்க்காமலே வாழ்ந்து பழகியதில் எனக்கு மறந்துபோயிருந்தது. டிரைவரே முடிவு செய்துவிட்டார்: "பெரியவர தெப்பத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அம்மன் வந்திருக்கு."

தெப்பக்குளம் தோண்டியதில் திருமலை நாயக்கருக்கு இரண்டு லாபம். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க இங்கேதான் மண் எடுத்தார்கள், எடுத்த பள்ளத்தைச் சுற்றிப் படி கட்டி 1645-ல் குளமாக்கினார்கள். மண் தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலுக்குள் பெரிதாக உட்கார்ந்திருக்கும் முக்குறுணி விநாயகர். நான் படித்த காலத்தில் இந்தக் குளம் பெரும்பாலும் கிரிக்கெட் மைதானம். இப்போது வைகைத் தண்ணீர் நிறைந்து, நடு மண்டபம் மெய்யாகவே தீவு மாதிரி நின்றது.

தெப்பம் கரையிலிருந்து வடம் பிடித்து இழுத்தால் நகர்கிறது. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அசைந்து அசைந்து வந்தார்கள். மாமாவை வடத்தின் பக்கம் விடவே கூடாது என்று நினைத்திருந்தேன், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனபோது ஒரு அக்கா படியில் அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, தன் முந்தானையால் அவர் தலைக்கு வெயில் மறைத்துக்கொண்டிருந்தார். "இங்கிட்டு வாங்கய்யா, அங்கிட்டு நின்னா மண்ட காஞ்சுரும்" என்று சொல்லித் தானாகவே கூப்பிட்டு உட்கார வைத்தாராம். அவர் வந்தது மேலூர்ப் பக்கம் ஒரு ஊரிலிருந்து. புளிச்சோறு பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலே மாமா கையில் ஒரு உருண்டை வைத்தார். மாமாவின் செருப்பு அந்தக் கூட்டத்தில் போனது போனதுதான். அறுபது பவுண்டு செருப்பு. வாசலில் 150 ரூபாய்க்கு ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டார். சென்னை போகும் வரைக்கும் அதைக் கழற்றவில்லை.

சாயங்காலம் நடந்து வந்தோம். ஒரு மூலையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால். அடுப்பில் பித்தளைப் பானை, கழுத்தில் ஈரத்துணி சுற்றியிருந்தது. பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலம் போட்டுக் காய்ச்சுவது. மேலே தேங்காய்ப்பூ. ஒரு டம்ளர் 20 ரூபாய். வண்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஊற்றுமுன் அகப்பையால் அடியிலிருந்து மூன்று சுற்றுச் சுற்றினார். அவசரப்படுத்திய ஒருவரிடம், "அடியில இருக்குறது மேல வந்தாத்தாண்ணே பாலு" என்றார், அவ்வளவுதான். அவர் அப்பா இதே மூலையில் 30 வருடம் நின்றவராம்.

மாமா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன் மாப்ள, பருத்திப்பாலுக்கு அப்பன் மகன்னு கடை இருக்கு. ஜிகர்தண்டாவுக்கு இருக்கு. இவ்ளோ பழைய ஊர்ல சாராயத்துக்கு மட்டும் ஏன் ஒரு பழைய கடை இல்ல?"

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. ராத்திரி படுத்தபிறகு யோசித்துப் பார்த்தேன். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்குகிறார், 1948-ல் மாகாணம் முழுக்க. 1971-ல் கருணாநிதி தளர்த்துகிறார், மூன்றே வருடத்தில் மறுபடி மூடல். 1981-ல் எம்ஜிஆர் திறக்கிறார், 1983-ல் டாஸ்மாக், 1987-ல் கள்ளும் சாராயமும் நிறுத்தம். 2003-ல் சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கத்துக்கு. இந்தக் கணக்கில் ஒரு கடை தாத்தாவிடமிருந்து பேரனுக்கு எப்படிப் போகும்? லண்டன் நிலவறையில் மெழுகு உருகிக்கொண்டே இருந்த காலத்தில் இங்கே கதவு இரண்டு தடவை மூடித் திறந்திருக்கிறது.

பிப்ரவரி 12, புதன். ஒரு பார்

இன்றைக்குக் கடை உண்டு. மதியம் 12 மணிக்குத் திறப்பார்கள். 11:50-க்கே ஒரு வரிசை நின்றது, ரேஷன் கடை வரிசையை விட ஒழுங்காக. மாமா அதற்கே அசந்துபோனார்.

கம்பிக்குப் பின்னால் இருந்தவரிடம் ஒயின் என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒயினா? யாருக்கு, லேடீஸுக்கா?"

"இல்லங்க, மாமாவுக்கு."

மாமாவை மேலிருந்து கீழாக, ரப்பர் செருப்பு வரைக்கும் பார்த்தார். "போர்ட் ஒயின் எப்பயாச்சும் வரும். வெச்சாப் போகாதுண்ணே."

எனக்கு ஒரு பீர் வாங்கிக்கொண்டு பாருக்குள் போனோம். தகரக் கூரை, நீல பிளாஸ்டிக் நாற்காலி, கையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் மேஜை. டிவியில் சத்தமில்லாமல் வடிவேலு. பாரை டெண்டரில் எடுக்கிறார்கள். அடுத்த தடவை தனக்கே கிடைக்கும் என்று நிச்சயமில்லாதவர் எதற்காக மர மேஜை போடப்போகிறார்? அவித்த முட்டை 15, சுண்டல் 30, நெத்திலி வறுவல் 100. நெத்திலி நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மொறுமொறுப்பாக, கறிவேப்பிலையோடு, எண்ணெய் கக்காமல். மாமா சோடா வாங்கிக்கொண்டார்.

பக்கத்து மேஜைக்காரர் ஒருவர், பெயிண்ட் வேலைக்காரர் போல, சட்டையெல்லாம் வெள்ளைத் திட்டு. குவார்ட்டரை இரண்டாகப் பிரித்தார், தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கலந்தார், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சு. ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபாதியும் அப்படியே. ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து போகும்போது மிச்சமிருந்த சுண்டல் பொட்டலத்தை எங்கள் மேஜையில் வைத்துவிட்டு, "சாப்பிடுங்கய்யா, கை வைக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா வெகுநேரம் அந்தச் சுண்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிக்கல மாப்ள. மருந்து சாப்பிடுறாங்க."

எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. அந்த மனுஷனுக்கு ஒரு மணி நேரம் உட்கார இடமும் இல்லை, நேரமும் இல்லை. வேலைக்கு நடுவில் வந்திருப்பார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஷெர்ரி வைத்துக்கொண்டு பேசுவது லேசு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மாமாவும் அதையே யோசித்திருப்பார் போல. பேச்சை மாற்றி, பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா நடத்திய புறநானூற்றுப் பாட்டுக்குப் போனார். அது 56-வது பாட்டு. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார்: யவனர், அதாவது கிரேக்க ரோமானிய வணிகர்கள், நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவை, வளையல் அணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நீ தினமும் குடித்து மகிழ்ந்திரு என்று. வைகை கடலில் சேரும் பக்கம் அழகன்குளத்தில் தோண்டியபோது அந்த யவனக் கலங்களின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்து எறங்கியிருக்கு. இன்னைக்கு மதுரைல ஸ்டாக் இல்ல" என்றார். பார் பையன் மேஜை துடைக்க வந்தான். துடைத்த துணிதான் மேஜையை விட மோசம். எழுந்துவிட்டோம்.

ராத்திரி சிம்மக்கல் பக்கம் கறிதோசை. ஊத்தப்பம் தடிமனில் தோசை, மேலே முட்டை, அதற்கு மேல் கொத்துக்கறி. மாமா ஒன்றரை சாப்பிட்டார். அந்த அரை தோசை விடிய விடிய அவரைத் தூங்கவிடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன். கம்பம் பள்ளத்தாக்கு

"ஒயின் இல்லாட்டிப் போகுது, திராட்சையாவது பாப்போம்" என்று மாமாதான் ஆரம்பித்தார். கார் பேசினோம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. கேரளாவுக்கு மாட்டுத்தீவனம் ஏற்றிப்போன லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி, தன்னிடமிருந்த பம்பால் அடித்துக் கொடுத்தார். காசு நீட்டியதற்கு எங்கள் டிரைவரைத்தான் திட்டினார், "ஸ்டெப்னியப் பாக்காம வண்டி எடுக்குறியேப்பா" என்று.

தேனி, சின்னமனூர் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. மேற்கே மலை, கீழே தென்னை, வாழை, நெல். உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டிப் பக்கம் திரும்பினால் இரண்டு புறமும் பந்தல். ஆளுயரக் கல்தூண், மேலே கம்பி வலை, அதில் திராட்சைக்கொடி. டிரைவரின் பெரியம்மா வீடு அந்த ஊரில்தான். அவர் சொல்லி ஒரு தோட்டத்துக்குள் விட்டார்கள்.

உள்ளே போனதும் மாமா தானாகத் தலையைக் குனிந்துகொண்டார். பந்தல் தாழ்வு, தலையில் கொத்து இடிக்கிறது. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே பச்சை இருட்டு. இலை இடுக்கில் விழும் வெளிச்சம் தரையில் காசு காசாக ஆடியது. மாமா ஒரு கல்தூணில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மாப்ள, அங்கயும் இப்டித்தான். குனிஞ்சுதான் போகணும்."

கருநீலக் கொத்துகள், மேலே சாம்பல் பூத்தாற்போல ஒரு படிவு. "அலசாம வாயில போடாதீங்கய்யா, மருந்து அடிச்சிருக்கு" என்றார் தோட்டக்காரர். பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து வைத்தார் என்கிறார்கள். மற்றப் பல ஊர்களில் வருடத்துக்கு ஒரு மகசூல். இங்கே கவாத்து பண்ணி, அதாவது கொடியைக் கத்தரித்துவிட்டு, நாலு மாதத்தில் வெட்டு, மறுபடி கவாத்து. ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் இப்போதுதான் துளிர்க்கும். அதனால் இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சை இல்லாத மாதமே கிடையாது. வியாபாரி தோட்டத்தில் எடுப்பது கிலோ 45 ரூபாய்க்காம். ரோட்டோரத்தில் நாங்கள் 100 கொடுத்திருந்தோம். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார், ஆனால் சந்தோஷச் சிரிப்பு இல்லை.

தண்ணீர் முல்லைப் பெரியாறு. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 1895-லிருந்து வருகிறது. தோட்டக்காரர் வீட்டுத் திண்ணைச் சுவரில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் அணை கட்டிய பென்னிகுயிக் படம், இரண்டுக்கும் ஒரே அளவு மாலை. மாமா மனக்கணக்குப் போட்டார்: "கார்டன்ஸ் திறந்த வருஷம் இந்த ஆளு இங்க ஆத்துக்குள்ள நின்னுருக்காரு."

டிரைவரின் பெரியம்மாவுக்கு எண்பதை ஒட்டி வயது. கழுத்தில் ஜெபமாலை, காதில் பாம்படம் போட்டு வளர்த்த பழைய ஓட்டை. மாமா கூச்சப்படாமல் கேட்டுவிட்டார், வீட்டில் ஒயின் போடுவீர்களா என்று. பெரியம்மா வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"திராட்சரசமா? கிறிஸ்மசுக்குப் போட்டதுதான். புதுவருசத்தோட தீந்துபோச்சே தம்பி. கொஞ்சம் முந்தி வந்திருக்கக்கூடாதா?"

71 வயது மாமாவை ஒருவர் தம்பி என்று கூப்பிட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன். பெரியம்மா உள்ளே போய், ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை. பழத்தைக் காம்பு நீக்கித் துடைத்து, ஈரமில்லாமல் மரக்கரண்டியால் மசித்து, சீனி, பட்டை, கிராம்பு, ஒரு கை கோதுமை போட்டு வாயில் துணி கட்டிவிட வேண்டும். தினம் ஒரு தடவை கிண்ட வேண்டும், அதுவும் ஒரே ஆள்தான் கிண்ட வேண்டுமாம். "கை மாறுனா புளிச்சுரும்." ஏன் என்று கேட்டேன். "மாறுனா புளிச்சுரும்ங்குறேன்ல" என்றார்.

ஜாடி காலி. மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டார். நானும் மோந்து பார்த்தேன். கிராம்பு, பழைய திராட்சைத் தோல், மழைக்குப் பிறகு வரும் மண் மாதிரி ஏதோ ஒன்று. மாமா நிமிர நேரமாயிற்று. "நிலவறை வாசம்" என்றார். பெரியம்மாவுக்கு அது புரியவில்லை. ஆனாலும் ஜாடியை அவசரமாகத் திருப்பி வாங்கவில்லை. மாமா பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும் என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கிளம்பும்போது அன்றைக்குப் பிழிந்த பழச்சாற்றை இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "போனதும் ப்ரிஜ்ஜுல வெச்சுருங்க. வெளிய வெச்சாப் பொங்கிரும்." மாமா 200 ரூபாயை வைக்கப் பார்த்தார். வாங்கவில்லை. கடைசியில் சர்ச் உண்டியலில் போடச் சொன்னார், போட்டோம்.

பிப்ரவரி 14, வெள்ளி. மதுரை

மாமாவுக்கு உடம்பு அசதி, எனக்கு முதுகுவலி. நாள் முழுக்கத் தூக்கம். அத்தை வீட்டில் அயிரை மீன் குழம்பு. சாயங்காலம் விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. சுண்டிய பால், கடற்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். மாமா பாதியை எனக்குத் தள்ளிவிட்டார். "இது சின்னப்பிள்ளைக வயித்துக்குத்தான்."

பிப்ரவரி 15, சனி. வைகை எக்ஸ்பிரஸ்

விடிகாலை மூட்டை கட்டும்போதுதான் பாட்டில் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவசரத்தில் நானும் சரியாகப் பார்க்கவில்லை, அப்படியே பையோடு ரயிலில் ஏற்றிவிட்டேன்.

திண்டுக்கல் தாண்டி மாமாவுக்குத் தாகம். பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். பாட்டில் பந்து மாதிரி உப்பி, அடி வெளியே தள்ளி, சீட்டில் வைத்தால் நிற்காமல் ஆடியது. "மாமா, மெதுவா..." என்று நான் சொல்வதற்குள் மூடியைத் திருகிவிட்டார். 'டப்' என்று ஒரு சத்தம். நுரையோடு பீறிட்டு ஜன்னல் கம்பி, அவருடைய வெள்ளைச் சட்டை, எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரின் பேப்பர், எல்லாம் கருஞ்சிவப்பு. தூங்கியவர் பதறி எழுந்து முதலில் மாமாவின் நெஞ்சைத்தான் பார்த்தார். ரத்தம் என்றே நினைத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்டு, துண்டால் துடைத்து, நடந்ததைச் சொல்லி முடித்தபோது பாட்டிலில் நாலு விரற்கடைதான் மிச்சம். மாமா எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். கலங்கல், ஓரத்தில் குமிழி. மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வாய் வைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். இனிப்பு பாதி போயிருந்தது, நாக்கில் சுருக்கென்று ஒரு குத்தல். எதிர் சீட்டுக்காரரும் கையை நீட்டினார், அவருக்கும் ஒரு மடக்கு.

"இன்னும் ஒரு மாசம் விட்டிருக்கணும்" என்றார் மாமா. டம்ளரைக் கீழே வைக்காமல் திருச்சி வரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு வந்தார்.